ஐயம் துரத்திய அறிஞர்

நாம் பயணஞ் செய்யும் ஆகாய விமானம் ஒலியின் வேகத்தை அண்மிக்குங்கால், முன்னுள்ள காற்று விலகி வழிவிட நேரமின்றி நெருக்குண்கின்றது. அவ்வேளையில் பழைய கணக்குகள் பொய்த்துவிடுகின்றன. அவற்றைத் திருத்த வழிகண்டவர்களுள் ஒருவர், சீன நாட்டவரான கலாநிதி சியென் சுவேசென்.

1935ஆம் ஆண்டு அமெரிக்கா சென்ற இவர், கலிபோர்ணியாவிலே பேராசிரியர் வொன் கார்மானிடம் பயின்று, 1939இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். விமானச் சிறகின்மீது காற்றின் அழுத்தத்தைக் கணிக்கும் ‘கார்மான் – சியென்’ சூத்திரம் குருவையும் சீடரையும் ஒருங்கே நினைவூட்டுகின்றது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் ரொக்கற் ஆராய்ச்சிக்கும் இவர் உழைத்தார்.

ஆயினும் 1950இல், பொதுவுடைமைக் கட்சியைச் சார்ந்தவரென்ற ஐயத்தின் பேரில், இரகசிய ஆராய்ச்சிகளில் ஈடுபடும் உரிமை இவரிடமிருந்து பறிக்கப்பட்டது. தாயகம் திரும்ப முயன்றவரைச் சிறிது காலம் சிறைவைத்து, பின்னர் ஐந்தாண்டுகள் கண்காணிப்பில் வைத்தனர். உளவு பார்த்தாரென எந்த நீதிமன்றிலும் நிரூபிக்கப்பட்டதில்லை. அந்நாட்களிலும் அவர் வாளாவிருந்தாரல்லர். இயந்திரங்களைத் தாமாகவே நெறிப்படச் செய்யும் முறைபற்றி நூலொன்று இயற்றி, 1954இல் வெளியிட்டார்.

1955இல் மனைவி மக்களுடன் கப்பலேறிச் சீனாவை அடைந்தவர், அங்கே ஏவுகணை ஆராய்ச்சிக்கு அத்திவாரமிட்டார். 1970இல் அந்நாட்டின் முதற் செயற்கைக்கோள் விண்ணேறிற்று. 2009இல், தமது 97ஆவது வயதில் மறையும்வரை, அமெரிக்க மண்ணை அவர் மீண்டும் மிதிக்கவேயில்லை.

ஒருவரை ஐயுறுமுன் தீர ஆராய்தல் வேண்டும். இது அரசுகளுக்கு மட்டுமன்றி, நமக்கும் பொருந்தும் பாடமன்றோ?