மாயா பஜாரும் இயற்பியலும்

(இரண்டாமாண்டு பி.எஸ்சி. மாணவர், சுத்துக்கேணி)

"நீதான் பி.எஸ்சி. படிக்கிறியே, அந்த லட்டு எப்படிடா தானா வாயிக்குள்ள போவுது?"

சென்ற பொங்கல் விடுமுறையில், எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் 'மாயா பஜார்' ஓடிக்கொண்டிருந்தபோது என் ஆயா கேட்ட கேள்வி இது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என்னிடம் பதில் இல்லை. வெட்கமாயிருந்தது. பின்னர் தேடி அறிந்தவற்றை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

விஜயா நிறுவனத்தார் தமிழிலும் தெலுங்கிலும் தயாரித்த இப்படம் 1957-இல் வெளிவந்தது. பலராமன் மகள் வத்சலா அபிமன்யுவை விரும்புகிறாள். பெரியவர்களோ துரியோதனன் மகனுக்கு அவளை நிச்சயிக்கிறார்கள். கடோத்கஜன் தன் மாயையால் அத்திருமணத்தைக் குலைத்துக் காதலரைச் சேர்த்து வைக்கிறான். இக்கதை வியாச பாரதத்தில் இல்லை. மக்கள் வாய்வழியே வளர்ந்தது. 1922-இல் புதுவையில் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகள், இதன் வேறொரு வடிவத்தை 'அபிமன்யு சுந்தரி' என்னும் நாடகமாக எழுதியிருக்கிறார். எனவே இது நம் மண்ணுக்குப் புதிய கதையன்று.

தமிழ்ப் படத்தில் ஜெமினி கணேசன் அபிமன்யுவாகவும், என்.டி. ராமராவ் கண்ணனாகவும், நம்பியார் சகுனியாகவும், தங்கவேலு துரியோதனன் மகனாகவும் நடித்தனர். எஸ்.வி. ரங்காராவே கடோத்கஜன். அவர் விருந்தைப் பார்த்துக் குதூகலிக்கும் பாட்டைப் பாடியவர் திருச்சி லோகநாதன். பாடல்களை எழுதியவர் தஞ்சை ராமையாதாஸ், இசை கண்டசாலா.

வத்சலாவாக வந்த சாவித்திரியைத் தனியே குறிப்பிட வேண்டும். கடோத்கஜன் வத்சலா உருவம் எடுத்து வரும் காட்சிகளில், பெண் உடலில் அரக்கனின் மிடுக்கைக் காட்டுகிறார். அந்த மாயத்திற்குக் காமிராத் தந்திரம் தேவைப்படவில்லை, நடிப்பே போதுமானதாயிற்று.

மற்ற மாயங்களுக்குப் பின்னால் விஞ்ஞானம் இருக்கிறது. இயக்குநர் கே.வி. ரெட்டி சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்றவர். ஜெமினி கணேசனும் திரைக்கு வருமுன் வேதியியல் கற்பித்தவர்! ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி.

திரைப்படம் என்பது விநாடிக்கு 24 அசையாப் படங்கள். அவை வேகமாக மாறுவதால் நம் கண் அவற்றை அசைவாகக் கொள்கிறது. காமிராவை நிறுத்தி, ஆளை விலக்கி, மீண்டும் ஓட்டினால் ஆள் 'மறைந்து' விடுவார். ஒரே பிலிமில் இருமுறை ஒளி பாய்ச்சினால் ஒருவரே இருவராவார். பொருளை வாயருகேயிருந்து வெளியே இழுத்துப் படமெடுத்து, பின்னோக்கி ஓட்டினால் அது வாய்க்குள் பறந்து வரும். அக்காலத்தார் கையாண்ட வழிகள் இவை.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது, வேர்க்கடலை ஒன்றில் கறுப்பு நூல் கட்டி என் வாயருகே வைத்துக்கொண்டேன். தம்பி நூலை இழுக்க, தங்கை கைப்பேசியில் படமெடுத்தாள். பின்னோக்கி ஓடவிட்டு ஆயாவிடம் காட்டினேன். கடலை தானே பறந்து வந்து என் வாய்க்குள் புகுந்தது!

இரகசியம் தெரிந்தால் ஆயாவுக்கு அந்தப் படமே கசந்துவிடுமோ என அஞ்சியிருந்தேன். ஆயாவோ மூன்று முறை போடச் சொல்லிப் பார்த்தார்.

"வெளிய இழுத்ததையா உள்ள போறாப்பல காட்டுறானுங்க? அதுவும் மாயந்தான்டா" என்று சிரித்தார். பிறகு, "அவன் எப்படி அம்மாம் பெருசா வளர்றான்? அதையும் படிச்சிட்டு வந்து சொல்லு" என்றார்.

படித்துக்கொண்டிருக்கிறேன்.