'முதல்ல வெயிட்டைக் குறைங்க!' - ஒரு மரண அறிவிப்பு எழுப்பிய கேள்வி

2018-ம் ஆண்டு மே மாதம். கனடாவின் விக்டோரியா நகரில் 64 வயதுப் பெண் ஒருவர் புற்றுநோயால் இறந்துபோனார். ஆடை வடிவமைப்பாளர். குடும்பத்தினர் பத்திரிகையில் கொடுத்த மரண அறிவிப்பில், வழக்கமான தகவல்களோடு அவருடைய கடைசி ஆசையும் இடம்பெற்றிருந்தது.

சில ஆண்டுகளாகவே அவருக்கு உடம்பு சரியில்லை. டாக்டர்களைப் போய்ப் பார்த்தார். கிடைத்ததெல்லாம் ஒரே ஆலோசனைதான்... எடையைக் குறையுங்கள். கடைசியில் புற்றுநோய் என்று தெரிந்தபோது அறுவை சிகிச்சைக்கான கட்டம் தாண்டிவிட்டது. சில நாள்கள்தான் மிச்சம் இருந்தன. உடல் பருமனுள்ள பெண்கள், தங்களுக்கு இருக்கும் ஒரே பிரச்னை எடைதான் என்று யார் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளக் கூடாது, தங்கள் உடல்நலத்துக்காக வாதாட வேண்டும் என்பதுதான் அந்தக் கடைசி ஆசை. உள்ளூர் பத்திரிகையில் வந்த அந்த அறிவிப்பு, உலகம் முழுக்கப் பரவியது.

இதற்காகக் கனடா வரை போக வேண்டியதில்லை. மூட்டு வலி என்று போனாலும், மூச்சு வாங்குகிறது என்று போனாலும், 'முதல்ல பத்து கிலோ குறைங்க, அப்புறம் பார்ப்போம்' என்ற பதில் நம் ஊர் கிளினிக்குகளிலும் பழகிப்போன ஒன்று. துணைக்கு வந்த அக்காவோ மாமியாரோ, 'நல்லா சொல்லுங்க டாக்டர், நாங்க சொன்னா எங்க கேக்குறா' என்று சேர்ந்துகொள்வார்கள். வலியைச் சொல்ல வந்தவர், குற்றவாளிபோல தலையைக் குனிந்துகொண்டு வெளியே வருவார்.

டாக்டர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. சர்க்கரைநோய், உயர் ரத்த அழுத்தம், மூட்டுத் தேய்மானம், தூக்கத்தில் மூச்சுத் திணறல் என்று உடல் பருமனோடு சேர்ந்து வரும் பிரச்னைகள் நிறைய. எடை குறைந்தால் முழங்காலுக்குச் சுமை குறையும் என்பதும் சரிதான். ஆனால், அதே வலியோடு வரும் ஒல்லியானவருக்கு எக்ஸ்-ரே, ரத்தப் பரிசோதனை. குண்டானவருக்கு வாக்கிங் மட்டும் என்றால், அங்கேதான் சிக்கல். குண்டானவர்களுக்கும் முடக்குவாதம் வரும். ரத்தசோகை வரும். தேடினால்தானே தெரியும்?

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஒருமுறை அவமானப்பட்டவர், அடுத்தமுறை ஆஸ்பத்திரிக்குப் போவதையே தள்ளிப்போடுவார். மார்பில் கட்டி தென்பட்டாலும், 'மறுபடியும் எடை மெஷின்ல ஏறச் சொல்வாங்களே' என்று நாள் கடத்துவார்.

திட்டினால் இளைப்பார்களா?

'நாலு வார்த்தை உறைக்கிற மாதிரி சொன்னாத்தான் குறைப்பா' என்பது நம் வீடுகளில் இருக்கும் நம்பிக்கை. அமெரிக்காவில் 6,000-க்கும் மேற்பட்டவர்களை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2013-ல் வெளியானது. ஆரம்பத்தில் உடல் பருமன் இல்லாதவர்களில், எடையைக் காரணம்காட்டிப் பாகுபாட்டுக்கு ஆளானதாகச் சொன்னவர்கள், மற்றவர்களைவிட சுமார் இரண்டரை மடங்கு அதிகமாக உடல் பருமனுக்கு ஆளாகியிருந்தார்கள். கல்யாண வீட்டில் 'என்னடி, ஒரு சுத்து பெருத்துட்டே' என்று விசாரிக்கும் அத்தைகள் இதைக் கொஞ்சம் படிக்கலாம். தேசிய குடும்பநல ஆய்வு-5 கணக்குப்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவிகிதம் பேர் அதிக எடையோ, உடல் பருமனோ உள்ளவர்கள். ஆண்களில் 37 சதவிகிதம். கேலி செய்பவரும் அந்தக் கணக்கில் இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு.

அளவுகோலின் கதை

உடல் எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ. இந்தக் கணக்கை 1830-களில் போட்டவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் க்வெட்லே. அவர் டாக்டர் இல்லை. கணிதம், வானியல் படித்தவர். தனி ஒருவரின் ஆரோக்கியத்தை அளக்க அவர் இதை உருவாக்கவில்லை, மக்கள்தொகையின் சராசரி மனிதர் எப்படி இருப்பார் என்று தேடினார். பி.எம்.ஐ என்ற பெயரே 1972-ல்தான் வந்தது.

இதில் சுவாரஸ்யமான ஒரு புகைப்படம் உண்டு. புனேவைச் சேர்ந்த டாக்டர் யாக்னிக், பிரிட்டன் டாக்டர் யட்கின் இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்டது. 2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. இருவருக்கும் பி.எம்.ஐ ஒன்றுதான்... 22.3. ஆனால், உடலில் உள்ள கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவிகிதம், யாக்னிக்குக்கு 21.2 சதவிகிதம்! பார்வைக்கு ஒல்லியாக இருக்கும் இந்தியருக்குள்ளும் கொழுப்பு ஒளிந்திருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. 'நான் ஒல்லி, எனக்கு எங்க சுகர் வரப்போகுது' என்று பரிசோதனையே செய்யாமல் இருக்கும் சித்தப்பாவும் இதே தப்பெண்ணத்துக்குத்தான் பலியாகிறார். அவரை யாரும் திட்டுவதில்லை என்பதுதான் வித்தியாசம்.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

2020-ல் வெளியான கனடாவின் உடல் பருமன் சிகிச்சை வழிகாட்டி, எடையைப் பற்றிப் பேசும் முன் நோயாளியிடம் டாக்டர் அனுமதி கேட்க வேண்டும் என்கிறது. நம் ஊரில் அது எப்போது வருமோ! அதுவரை நோயாளி ஒரு கேள்வி கேட்கலாம். 'எடையைக் குறைக்க முயற்சி பண்றேன் டாக்டர். இதே வலியோட ஒல்லியான ஒருத்தர் வந்திருந்தா, என்ன டெஸ்ட் எழுதுவீங்க?' கோபமில்லாமல் கேட்டால் பெரும்பாலான டாக்டர்கள் யோசிப்பார்கள்.

பி.பி பார்க்கும்போதும் கவனம் தேவை. பருமனான கையில் சின்ன கஃப்பைச் சுற்றினால், அளவு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். 2023-ல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், மிகப்பெரிய கஃப் தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரண கஃப்பைப் போட்டுப் பார்த்தபோது, மேல் அளவு கிட்டத்தட்ட 20 புள்ளிகள் கூடுதலாக வந்தது. 120 இருக்க வேண்டியவருக்கு 140 என்று காட்டினால், தேவையில்லாத மாத்திரையும் சேர்ந்து வந்துவிடும். கஃப்பை இழுத்துப் பிடித்துச் சுற்றவேண்டியிருந்தால், வெட்கப்படாமல் கேட்டுவிடுங்கள்... 'பெரிய கஃப் இருக்கா சிஸ்டர்?'