வயது சென்ற ரயரும் விரைவு வண்டியும்

2013ஆம் ஆண்டு நவம்பர் 30ஆந் திகதி, அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்துச் சாந்தா கிளாரிற்றா நகரில், புயலால் இடருற்ற பிலிப்பைன்ஸ் மக்களுக்கு உதவும்பொருட்டு ஒரு தரும வைபவம் நடைபெற்றது. அங்கிருந்து ‘போர்ஷே கரெரா ஜீ.ரீ.’ என்னும் விரைவு வண்டியில் இருவர் புறப்பட்டனர். ஒருவர், கார்ப் பந்தயப் படங்களாற் புகழ்பெற்ற நடிகர் போல் வாக்கர். வண்டியை ஓட்டியவர் அவருடைய நண்பர். சிறிது நேரத்தில் வண்டி வழிவிலகி, மரங்களிலும் விளக்குக் கம்பத்திலும் மோதித் தீப்பற்றியது. இருவரும் மாண்டனர்.

மறு ஆண்டு மார்ச் மாதத்திற் பொலிசார் தம் விசாரணை முடிவை வெளியிட்டனர். மணிக்கு 45 மைல் வேகமே அனுமதிக்கப்பட்ட அவ்வீதியில் வண்டி 80 முதல் 93 மைல் வரையான வேகத்தில் ஓடியிருக்கிறது. இயந்திரக் கோளாறு எதுவுங் காணப்படவில்லை. மது அருந்திய அடையாளமும் இல்லை. ஆனால் ரயர்கள் ஒன்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. அவற்றின் முதுமை வண்டியை ஆளுந் திறனைக் குறைத்திருக்கக்கூடும் என்றும் அவர்கள் குறித்தனர்.

இதனைக் கொண்டு, வேகத்தின் பழியை ரயரின் தலையிற் சுமத்துதல் நேர்மையன்று. வளைவொன்றில் வண்டி வெளியே வழுக்காதிருக்க வேண்டிய பிடி, வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப உயர்வது. 45 மைலில் வேண்டிய பிடியைப்போல் நான்கு மடங்குக்கு மேல் 93 மைலில் வேண்டும். அதனைத் தரவேண்டியவை, ஒவ்வொன்றும் உள்ளங்கையளவே நிலத்திற் படியும் நான்கு இறப்பர்த் துண்டுகள். 600க்கு மேற்பட்ட குதிரைவலு கொண்ட அவ்வகை வண்டியில், வழுக்கும்போது தானே நேர்ப்படுத்தும் மின்னணுச் சாதனமும் அமைக்கப்படவில்லை.

இனி, இறப்பர் ஏன் மூப்படைகிறது? மேசை இழுப்பறையிற் பல்லாண்டு கிடந்த இறப்பர் வளையத்தை இழுத்துப் பார்த்தவர்க்கு விடை பாதி தெரியும். இறப்பருக்குக் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கி உறுதியூட்டும் முறையைச் சார்ள்ஸ் குட்இயர் 1839இற் கண்டறிந்தார். கந்தகம் இறப்பரின் நீண்ட மூலக்கூறுகளுக்கிடையே பாலமிடுகிறது. தொழிற்சாலையை விட்ட பின்னரும் மாற்றம் நிற்பதில்லை. ஒட்சிசன் புகுந்து மேலும் பிணைப்புகளை உண்டாக்க, இறப்பர் கடினமாகிறது. இந்த ஒட்சிசன் வெளியிலிருந்து மட்டும் வருவதன்று. நாம் அடைக்கும் காற்றிலேயே அது நெருக்குண்டிருக்கிறது. உள்ளிருந்து மெல்லக் கசிந்து, உருக்குக் கம்பிப் பட்டிகள் ஒட்டியுள்ள இடத்தை வலுவிழக்கச் செய்கிறது. வெப்பமான ஊர்களில் இது இன்னும் விரைவு.

மென்மையான இறப்பர் தெருவின் நுண்ணிய மேடுபள்ளங்களுட் பதிந்து பிடிக்கும். இறுகியது அவற்றின்மேல் வழுக்கும். இது ஒரு தீங்கு. மற்றையது அதிலும் கொடியது. ஏறக்குறைய 2 மீற்றர் சுற்றளவுள்ள ரயர், மணிக்கு 300 கிலோமீற்றர் வேகத்திற் செக்கனுக்கு 40 தடவைக்கு மேற் சுழலும். அதன் ஒவ்வொரு பகுதியும் அத்தனை தடவை நிலத்திற் பட்டுத் தட்டையாகி மீளும்; அதனாற் சூடேறும். அவ்வேளை விளிம்பிலுள்ள ஒரு கிராம் இறப்பர், இரண்டு கிலோகிராமுக்கு மேற்பட்ட பாரம்போல வெளிநோக்கி இழுக்கிறது. உள்ளொட்டுத் தளர்ந்த கிழ ரயர் அதைத் தாங்காது. மேற்பட்டி பிய்ந்து போகும்.

வேடிக்கை என்னவெனில், இவ்வாபத்து மிகவும் பேணப்படும் வண்டிகளையே தேடி வருகிறது. விலையுயர்ந்த விரைவு வண்டி ஞாயிற்றுக்கிழமை ஓடும். மற்ற நாட்களிற் போர்வைக்குள் உறங்கும். ரயரின் தவாளிப்புகள் தேய்வதில்லை. உரிமையாளரும் புதிதென்றே நம்புகிறார். இறப்பரிற் கலந்த காப்பு மெழுகு ஓட்டத்தின்போதுதான் நன்கு மேற்பரப்புக்கு வரும். நிற்கும் வண்டிக்கு அப்பயனும் குறைவு.

ரயரின் பிறப்புச் சாட்சிப்பத்திரம் அதன் பக்கச் சுவரிலேயே உண்டு. ‘டீ.ஓ.ரீ.’ என்னும் எழுத்துக்களோடு தொடங்கும் வரிசையின் இறுதி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2318 என்றிருந்தால், 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்திற் செய்யப்பட்டது. மூன்றே இலக்கங்களாயின், அது 2000ஆம் ஆண்டுக்கு முந்தியது. அதனைக் கழற்றிவிடுவதே தகும். சில சமயம் இவ்விலக்கம் உட்பக்கச் சுவரில் மட்டும் இருக்கும். ‘டோர்ச்’ விளக்குடன் குனிந்து பார்க்க நேரும். பாவித்த வண்டி வாங்குவோரும், பின்பெட்டியிற் கிடக்கும் மேலதிக ரயரை நம்புவோரும் இதனைத் தவறாது செய்க. வண்டி செய்வோர் பலர் ஆறு ஆண்டை எல்லையாகக் கூறுவர். ரயர் செய்வோர் சிலர், தேயாவிடினும் பத்து ஆண்டுக்கு மேல் வேண்டாம் என்பர்.

சட்டம் இவ்விடயத்திற் பிந்தியே விழித்தது. 2012 செப்டெம்பரில், இங்கிலாந்தில் இசைவிழாவொன்றிலிருந்து இளைஞரை ஏற்றிச்சென்ற பஸ் வண்டியின் முன் ரயர் வெடித்து மூவர் இறந்தனர். அந்த ரயரின் வயது 19க்கு மேல். இறந்தவருள் ஒருவனுக்கு வயது 18. ரயரின் வயதுபற்றி அந்நாட் சட்டம் எதுவுங் கூறவில்லை. அவனுடைய தாயார் பல்லாண்டு போராடினார். 2021 பெப்ரவரி முதல், பிரித்தானியாவிற் பத்து ஆண்டு கடந்த ரயர்களை லொறி, பஸ் வண்டிகளின் முன்னச்சிற் பூட்டுதல் தடைசெய்யப்பட்டது. அத்தடையிற் கார்கள் சேர்க்கப்படவில்லை.