ராத்திரி 2 மணிக்கு ரிசைன் மெயில் போடாதீங்க: முதல்ல இந்தக் கணக்கைப் பாருங்க



எஸ்ஐபி, டேர்ம் இன்ஷூரன்ஸ், கிரெடிட் கார்டுன்னு நிறைய பேசியிருக்கோம். இன்னைக்குப் பேசப்போறது பணத்துக்குச் சம்பந்தமே இல்லாத விஷயம் மாதிரி தெரியும். ஆனா கடைசியில பணத்துலதான் வந்து நிக்கும்.

நான் முன்னாடி வேலை பார்த்த ஆபீஸ்ல, என் பக்கத்து சீட்டில் ஒரு நண்பன் இருந்தான். சம்பளம் கையில மாசம் 42,000 ரூபாய். சொன்ன வேலையைச் சொன்ன நாள்ல முடிக்கிற ஆள். மூணே மாசத்துல ஆளே மாறிட்டான். தூக்கம் இல்ல, மீட்டிங்ல பேச்சு இல்ல, சாப்பிடக் கூப்பிட்டா "பசிக்கல மச்சி". நாங்க என்ன பண்ணோம்? "லவ் ஃபெயிலியரா?"ன்னு கிண்டல் பண்ணோம். டீம் லீட் "முன்ன மாதிரி ஈடுபாடு இல்ல"ன்னு அப்ரைசல்ல எழுதினார். ஒரு நாள் ராத்திரி 2 மணிக்கு ரிசைன் மெயில் தட்டிவிட்டான். ஹெச்ஆர் ஒரு கேள்வி கூட கேட்காம ஏத்துக்கிட்டாங்க.

ரிலீவ் ஆகி ரெண்டு மாசத்துல ஆஸ்பத்திரியில அட்மிட் ஆனான். டிப்ரெஷன்னு டாக்டர் சொன்னார். அப்போ அவன்கிட்ட சம்பளமும் இல்ல, ஆபீஸ் கொடுத்த குரூப் இன்ஷூரன்ஸும் இல்ல. பைக் இஎம்ஐ மட்டும் மாசாமாசம் சரியா வந்துச்சு. ஆஸ்பத்திரி பில் 70,000 ரூபாய். அம்மாவோட வளையலை அடகு வச்சுதான் அப்பா கட்டினார்.

இப்போ நல்லா இருக்கான், வேற கம்பெனியில வேலை பார்க்கிறான். அவன்கிட்ட கேட்டுட்டுத்தான் இதை எழுதுறேன். "லீவு போடலாம்னு அன்னைக்கு ஒருத்தர் கூட சொல்லலையேடா"ன்னான். அந்த ஒருத்தர்ல நானும் உண்டு.

லீவா, ரிசைனா? கணக்கு இதோ

ஒரு மாசம் சம்பளம் இல்லாத லீவு எடுத்திருந்தா இழப்பு 42,000 ரூபாய். ரிசைன் பண்ணி ஆறு மாசம் வேலை இல்லாம இருந்ததுல போன சம்பளம் 2,52,000. ஆஸ்பத்திரி பில்லையும் சேர்த்தா 3,22,000. அடகு வட்டி தனி.

வேலையை விடவே கூடாதுன்னு நான் சொல்லல. சில ஆபீஸை விட்டாத்தான் நிம்மதி. ஆனா உடம்பும் மனசும் உடைஞ்சு கிடக்கிற நேரத்துல பெரிய முடிவு எடுக்காதீங்க. முதல்ல டாக்டர், அப்புறம் லீவு, கடைசியாத்தான் ரிசைன்.

இன்ஷூரன்ஸ்ல மனநோய்க்கு கவர் உண்டா?

உண்டு. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இதைத் தெளிவாச் சொல்லுது: உடல் நோய்க்கு எந்த அடிப்படையில இன்ஷூரன்ஸ் தர்றாங்களோ, அதே அடிப்படையில மனநோய்க்கும் தரணும். எல்லா ஹெல்த் பாலிசியும் 2022 அக்டோபர் 31-க்குள்ள இதுக்கு ஏத்த மாதிரி மாறணும்னு ஐஆர்டிஏஐ உத்தரவு போட்டுச்சு.

ஆனா ரெண்டு விஷயத்தைக் கவனிங்க. பெரும்பாலான பாலிசிகள் அட்மிட் ஆனா மட்டும்தான் பணம் தரும். கவுன்சிலிங் ஃபீஸ், மாசாமாசம் வாங்குற மாத்திரை எல்லாம் ஓபிடி கவர் இருந்தாத்தான் கிடைக்கும். அடுத்தது, ஏற்கனவே சிகிச்சை எடுத்துட்டு இருந்தா, புது பாலிசி வாங்கும்போது அதை மறைக்காதீங்க. மறைச்சா, தேவைப்படுற நேரத்துல கிளெய்ம் ரிஜெக்ட் ஆகலாம். சொல்லி வாங்கினா காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 3 வருஷம்தான். அதனாலதான் ஆபீஸ் கவரை மட்டும் நம்பாம, நல்லா இருக்கும்போதே சொந்தமா ஒரு பாலிசி எடுங்கன்னு திரும்பத் திரும்பச் சொல்றேன்.

சம்பளத்துல இஎஸ்ஐ பிடிக்கிறாங்களா?

மாசச் சம்பளம் 21,000 ரூபாய் வரைக்கும் இருக்கிறவங்களுக்கு இது. டாக்டர் சர்ட்டிஃபிகேட் இருந்தா, நோய்க்கால உதவித்தொகையா சம்பளத்துல 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். நீண்ட நாள் நோய்களுக்கு 80 சதவீதம் தர்ற ஒரு தனிப் பட்டியல் இருக்கு. ஸ்கிசோஃப்ரினியா மாதிரி தீவிர மனநோய்கள் அந்தப் பட்டியல்லயும் உண்டு. பாதிப் பேருக்கு இது தெரியவே தெரியாது. "இஎஸ்ஐ-ன்னா மாத்திரை வாங்குற இடம்"னு நினைச்சுட்டு இருக்கோம்.

வரிச் சலுகை

மனநோயால 40 சதவீதம் அல்லது அதுக்கு மேல பாதிப்புன்னு அரசு மருத்துவச் சான்று இருந்தா, 80யு-ன்னு நமக்குப் பழகின பிரிவுல 75,000 ரூபாய் கழிவு உண்டு. பாதிப்பு 80 சதவீதம் அல்லது அதுக்கு மேலன்னா 1,25,000. பழைய வரி முறையில இருக்கிறவங்களுக்கு மட்டும்தான்.

ஹெச்ஆர்கிட்ட எல்லாத்தையும் சொல்லணுமா?

சிகிச்சை விவரத்தை ரகசியமா வச்சுக்கிற உரிமையையும் அதே 2017 சட்டம் உங்களுக்குத் தருது. லீவு சர்ட்டிஃபிகேட்ல "ஓய்வு தேவை"ன்னு மட்டும் எழுதித் தர முடியுமான்னு டாக்டர்கிட்ட கேட்டுப் பாருங்க. எவ்வளவு சொல்றது, யார்கிட்ட சொல்றதுன்னு முடிவு பண்ண வேண்டியது நீங்க.

பக்கத்து சீட்டில் இருக்கிறது நீங்கன்னா?

நான் பண்ணாத நாலு விஷயம் இது. நீங்களாவது பண்ணுங்க.

- தனியா டீக்குக் கூப்பிட்டு, "கொஞ்ச நாளா நீ சரியில்லாத மாதிரி தெரியுது, என்னாச்சு?"ன்னு கேளுங்க. பதில் வர்ற வரைக்கும் பேசாம இருங்க.
- "எல்லாருக்கும் பிரச்சினை இருக்கு", "யோகா பண்ணு" வேண்டாம். "டாக்டர்கிட்ட நானும் கூட வரேன்" போதும்.
- ஒரு ரிப்போர்ட், ஒரு ஷிஃப்ட்னு அவங்க வேலையில கொஞ்சத்தை ஒரு வாரம் தாங்குங்க.
- கேட்டதை டீம் குரூப்ல பரப்பாதீங்க.

நீங்க டீம் லீடா? அப்ரைசல்ல எழுதுறதுக்கு முன்னாடி ஒரு தடவை பேசிடுங்க. ராத்திரி 2 மணிக்கு ரிசைன் மெயில் வந்தா, அக்செப்ட் பண்றதுக்கு முன்னாடி ஒரு போன் போடுங்க.

காசு இல்லாட்டியும் வழி இருக்கு

டெலி மானஸ், நம்பர் 14416. மத்திய அரசோட இலவச சேவை, 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயே பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்ல மனநலப் பிரிவு இருக்கு. சென்னையில கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் இருக்கு. உயிரை விட்டுடலாம்னு யாராவது ஒரு வார்த்தை சொன்னாலும் அவங்களைத் தனியா விடாதீங்க, உடனே கூட்டிட்டுப் போங்க.

இந்த வாரம் ஒரு வேலை பண்ணுங்க. ஹெச்ஆருக்கு மெயில் போட்டு மூணு கேள்வி கேளுங்க: நம்ம குரூப் பாலிசியில மனநலத்துக்கு என்ன கவர்? ஓபிடி உண்டா? மெடிக்கல் லீவு எத்தனை நாள்? பதிலை அம்மா, அப்பா, இல்லன்னா ரூம்மேட் ஒருத்தருக்கு ஃபார்வர்டு பண்ணி வைங்க. உங்களுக்குத் தேவைப்படுற அன்னைக்கு, தேடுற நிலைமையில நீங்க இருக்க மாட்டீங்க.