நாளைய மாலையும் நாற்பதாண்டு மாமரமும்

தோட்ட வடிவமைப்பு இன்று வரைபலகையில் தொடங்கும் தொழிலாகவே பெரும்பாலும் கருதப்பட்டாலும், செடியோடும் மண்ணோடும் ஆயுள் முழுவதும் பழகியவர்களின் கையில்தான் அது உருப்பெற்றது என்பதற்கு, மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த ஸ்ரீவில்லிபுத்தூரும் இராஜபாளையமும் சான்றாக நிற்கின்றன. முன்னது நந்தவனத்துக்கும் பின்னது மாந்தோப்புக்கும் பெயர் பெற்ற ஊர். கோயில் வழிபாட்டுக்கு வேண்டிய பூவையும் துளசியையும் வளர்ப்பதற்கென்றே ஒதுக்கப்பட்ட தோட்டம் நந்தவனம் எனப்படும். எந்தச் செடி எங்கே, எத்தனை என்பதை அங்கே முடிவு செய்வது மறுநாள் தொடுக்க வேண்டிய மாலையே.

பூத்தொண்டையே வாழ்நாள் பணியாகக் கொண்டவராக வைணவ மரபு போற்றும் பெரியாழ்வார், ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் அமைத்து அவ்வூர்ப் பெருமாளான வடபத்ரசாயிக்கு மாலை கட்டியவர். துளசிச் செடியின் அடியில் அவருடைய வளர்ப்பு மகள் ஆண்டாள் கண்டெடுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் இடமும் அந்த நந்தவனமே. பெரியாழ்வாரின் திருமொழியில் கண்ணனைப் பூச்சூட அழைக்கும் பாசுரங்களில் செண்பகம், மல்லிகை, பாதிரி, செங்கழுநீர், புன்னை, குருக்கத்தி, இருவாட்சி முதலிய பூக்கள் பெயர் சொல்லிக் குறிக்கப்படுகின்றன. பக்தி இலக்கியமாக மட்டுமே படிக்கப்பட்டு வரும் இந்தப் பெயர்வரிசையைத் தோட்டக்காரரின் கண்ணோடு படித்தால் வேறொரு செய்தி கிடைக்கிறது. செண்பகமும் பாதிரியும் புன்னையும் உயர்ந்து வளரும் மரங்கள். குருக்கத்தி மரத்தையோ பந்தலையோ பற்றி ஏறும் கொடி. மல்லிகையும் இருவாட்சியும் இடுப்பளவில் நிற்கும் புதர்கள். செங்கழுநீருக்கோ குளம் வேண்டும். மேல்தட்டு, நடுத்தட்டு, தரை, நீர் என ஒரு தோட்டத்தின் அடுக்குகள் அனைத்தும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன என்பதோடு, குருக்கத்தி இளவேனிலிலும் பாதிரி கோடையிலும் பூப்பதால், பருவங்களும் அதில் அடங்கியிருக்கின்றன.

நந்தவனக் கலையின் நுட்பம் இந்தக் காலக் கணக்கில்தான் இருக்கிறது. மல்லிகை மாலையில் விரியும் பூவாதலால், முற்றிய அரும்பை விடியற்காலையிலேயே பறித்தாக வேண்டும். ஆகவே இருட்டில் கால் இடறாமல் ஆள் நடக்கும் அகலத்துக்கு வரிசைகளுக்கிடையே தடம் விடப்படும். பவழமல்லி இரவில் மலர்ந்து விடியலில் தானே உதிர்ந்துவிடும். தரையில் விழுந்த பூ பூசைக்கு ஆகாது என்னும் பொது விதிக்கு அது விலக்குப் பெற்றிருப்பதால், அந்த மரத்தடியில் வேறெதுவும் நடாமல் சாணம் மெழுகி வைப்பதுண்டு. வெறும் தரையும் தோட்ட வடிவமைப்பின் ஓர் உறுப்பு என்பதைப் புதிதாகப் படித்து வருபவர்கள் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை.

மார்கழியில் நந்தவனத்துக்கு ஒரு சோதனை வரும். மல்லிகை புதுத் தளிரில்தான் அரும்பு வைக்கும் என்பதால் கார்த்திகையில் கவாத்து செய்யப்படுகிறது. கவாத்து என்பது பழைய கிளைகளை வெட்டிக் குறைத்துச் செடியைப் புதுத் துளிர் விடச் செய்யும் முறை. அவ்வாறு வெட்டிய செடி பங்குனி வாக்கில்தான் நிறையப் பூக்கும். ஆண்டாளுக்கு மிக உகந்த மாதத்தில் மல்லிகை வறண்டு கிடக்க, அந்த இடத்தை நிரப்ப வருவது செவ்வந்தி. பகல் குறுகி இரவு நீளும் காலத்தில் மட்டுமே அரும்பு கட்டும் இத்தகைய செடிகளைக் குறும்பகல் தாவரங்கள் என்று தாவரவியல் வகைப்படுத்துகிறது. மார்கழி மாலைக்கான செவ்வந்தியை ஆனி, ஆடியிலேயே நட்டுவிட வேண்டும் என்பதால், நந்தவனத்தில் ஒரு பாத்தி ஐந்தாறு மாதம் பூவின்றிப் பச்சையாகவே நிற்கும்.

இராஜபாளையத்து மாந்தோப்புகளில் கற்கும் பாடம் வேறு. சப்பட்டை, பஞ்சவர்ணம் போன்ற இப்பகுதி மாவகைகளைக் கொட்டையிலிருந்து வளர்த்தால் தாய்மரத்தின் குணம் அப்படியே வருவதில்லை என்பதால் ஒட்டுக் கட்டுவது வழக்கம். நெருக்கு ஒட்டு எனப்படும் பழைய முறையில், தொட்டியில் வளர்த்த வேர்ச்செடி தாய்மரத்தின் கிளையருகே கொண்டு செல்லப்பட்டு, இரண்டின் தண்டிலும் ஏறத்தாழ 5 செ.மீ. நீளத்துக்குப் பட்டையோடு மெல்லிய மரச் சீவல் எடுக்கப்பட்டு, சீவிய பரப்புகள் பொருந்துமாறு இறுக்கிக் கட்டப்படும். பட்டைக்கும் மரத்துக்கும் இடையில் உள்ள கேம்பியம் என்னும் மெல்லிய வளர்திசு இரண்டிலும் ஒன்றையொன்று தொட்டால்தான் ஒட்டுப் பிடிக்கும்; கத்தி சற்றே தடுமாறினாலும் இரண்டு மூன்று மாதக் காத்திருப்பு வீணாகும். பிடித்த கன்றைச் செடிக்குச் செடி 10 மீட்டர் விட்டு நடும்போது தோப்பு வெறும் பொட்டலாகத்தான் தெரியும். அந்தப் பொட்டலில் நாற்பது ஆண்டுக்குப் பிந்தைய நிழலைக் காணும் கண் ஒரே படிப்பில் வந்துவிடுவதில்லை.

தோட்டக்காரர் வடிவமைப்பாளராக மாறுவது, இந்த இருவகைக் காலத்தையும் ஒரே நிலத்தில் பொருத்தும்போதுதான். தையிலும் மாசியிலும் மா பூப்பதற்கு அதற்கு முன்னால் சில வாரங்கள் வேர் காய வேண்டும். பூச்செடிகளுக்கோ தண்ணீர் தவறக்கூடாது. இரண்டையும் ஒரே வாய்க்காலில் வைத்தால் மா இலையாகவே தழைத்து நிற்கும். ஆனி, ஆடியில் மலையிலிருந்து இறங்கும் மேல்காற்று காயை உதிர்த்துக் கிளையை முறிப்பதால் மேற்கு எல்லையில் மூங்கிலோ சவுக்கோ வேலியாக வேண்டும். ஆனால் மலை நிழலால் மாலை வெயில் முன்னதாகவே மறையும் அடிவாரத்தில், அந்த வேலியின் நிழலில் மல்லிகையை வைப்பது பிழை. செண்பகத்தோப்பு என்று பூவின் பெயரையே தாங்கிய அடிவாரப் பகுதியை ஒட்டிய காடு 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கிருந்து இறங்கும் யானைகளுக்கும் மாவும் தென்னையும் பிடிக்கும் என்பது எந்த வரைபடத்திலும் வராத செய்தி.

தோட்டக்காரராகத் தொடங்கி வடிவமைப்பாளராக மாறும் இதே பாதையில் நடந்த ஒருவரை மைசூர் அரசின் வரலாறு நன்கறியும். ஜெர்மனியில் தோட்டத் தொழில் பயிலுநராகத் தொடங்கி, லண்டன் கியூ பூங்காவில் பணியாற்றி, 1893-இல் பரோடாவுக்கு வந்த குஸ்தாவ் கிரும்பிகல், 1908 முதல் 1932 வரை பெங்களூர் லால்பாக்கில் பொறுப்பு வகித்தார். ஒரு மரம் பூத்து ஓயும்போது அடுத்தது பூக்கத் தொடங்குமாறு பெங்களூர்த் தெருக்களில் மரங்கள் தேர்ந்து நடப்பட்டது அவர் கருத்தால்தான் என்பர். பூக்கும் முறைமையைக் கணக்கிட்டு நடும் அந்த அறிவு ஒரு நந்தவனக்காரருக்குப் புதிதாக இராது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் கையில் நாள்தோறும் புதிதாகச் செய்து வைக்கப்படும் கிளியைக் கூர்ந்து பார்த்தால், தோட்டம் எப்படித் திட்டமிடப்பட வேண்டும் என்பது விளங்கும். மாதுளம்பூ அலகாகிறது, மரவள்ளி இலை உடலாகிறது, நந்தியாவட்டை இலை சிறகுக்கும், அரளிப்பூ வாலுக்கும் உதவ, எல்லாம் வாழைநாரால் கட்டப்படுகின்றன. கிழங்குக்காக அன்றி இலைக்காக மட்டுமே வளர்க்கப்படும் மரவள்ளி, பூந்தோட்டத்தின் அழகுக்கு ஒவ்வாதது போலத் தோன்றும் செடி. நாள்தோறும் கிழியாத இலை பறித்தாக வேண்டும் என்பதால், காற்றுப் படாத மூலையில், கைக்கெட்டும் உயரத்தில் அதற்கும் ஒரு வரிசை ஒதுக்கியாக வேண்டும்.