பத்லுல் மாஊன்: ஒரு தந்தையின் துயரில் விளைந்த நூல்

சில ஆண்டுகளுக்கு முன், தம் இளம் மகளை அடக்கம் செய்துவிட்டு வந்திருந்த ஒருவருக்கு ஆறுதல் கூற நாம் சென்றிருந்தோம். ஸப்ரின் சிறப்புகளை எடுத்துரைத்து, இச்சோதனை அவருக்கு உயர்வையே தரும் என்றோம். நெடுநேரம் பேசாதிருந்த அவர், "அப்படியானால் நான் அழக்கூடாதா, ஹஜ்ரத்?" என்று கேட்டார். பல்லாண்டுகளாக ஹதீஸ் பாடம் நடத்திவரும் நாம் நாணித் தலைகுனிந்தோம். நாம் சொன்னது பொய்யன்று. சொன்ன நேரமும் முறையும் பிழை. அப்பிழையை நமக்குத் தெளிவாக உணர்த்தியவர் இமாம் இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (ரஹ்) அவர்கள்.

ஃபத்ஹுல் பாரீ எனும் புகாரீ விரிவுரையின் ஆசிரியராக அவர்களை நாம் அனைவரும் அறிவோம். ஹிஜ்ரி 773இல் (கி.பி. 1372) பிறந்து 852இல் (கி.பி. 1449) மறைந்த அப்பேரறிஞர், சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர், பிற்காலத்தில் பெற்ற மக்களையும் இழந்தவர். ஹிஜ்ரி 819இல் கெய்ரோவில் பரவிய தாஊன் எனும் கொள்ளைநோய்க்கு அவர்களின் இரு மகள்கள் பலியாயினர். 833இல் அந்நோய் மீண்டும் வந்தபோது மூத்த மகள் ஸைன் காத்தூன் கருவுற்ற நிலையில் மறைந்தார். அம்மகளைப் பெற்ற அன்னை உன்ஸ் காத்தூன், ஹதீஸ் பயிற்றுவிக்கும் தகுதி பெற்ற பெண்மணி. அவ்விருவரின் இல்லத்தில் கல்வியும் துக்கமும் ஒருங்கே குடியிருந்தன எனலாம்.

முதல் இழப்பின் காலத்தில் தொடங்கி, 833ஆம் ஆண்டின் இழப்பிற்குப் பின் இமாம் அவர்கள் நிறைவு செய்த நூலே 'பத்லுல் மாஊன் ஃபீ ஃபழ்லித் தாஊன்'. இது புலம்பல் நூலன்று. ஐந்து இயல்கள் கொண்ட ஆய்வு. தாஊனின் தோற்றம், அதன் இலக்கணம், அதில் இறப்போரின் ஷஹாதத், நோயுள்ள ஊரைவிட்டு வெளியேறுவதும் அவ்வூருக்குள் நுழைவதும் பற்றிய சட்டம், நோய் வந்தபின் செய்ய வேண்டியவை ஆகியன முறையாக ஆராயப்படுகின்றன. தாஊனில் இறப்பவரும், கருவுற்ற நிலையில் இறக்கும் பெண்ணும் ஷஹீதுகளின் நிலையை அடைவர் என்பது நபிமொழிகள் தரும் நற்செய்தி. ஸைன் காத்தூனுக்கு இவ்விரண்டும் பொருந்தின என்பதை நினைவிற்கொண்டு ஷஹாதத் பற்றிய இயலைப் படிப்பவர், அந்த ஆய்வுக்குப் பின்னால் ஒரு தந்தை அமர்ந்திருப்பதைக் காண்பார்.

எனினும் நம்மைப் பெரிதும் சிந்திக்க வைத்தது பிறிதொரு செய்தி. 833ஆம் ஆண்டில் மக்கள் மூன்று நாள் நோன்பிருந்து, ஜுமாதல் ஊலா 4ஆம் நாள் கெய்ரோவுக்கு வெளியே திரண்டு துஆ செய்தனர். அதற்கு முன் நாளொன்றுக்கு 40க்கும் குறைவானோரே இறந்துவந்தனர். அம்மாதம் முடிவதற்குள் அத்தொகை 1000ஐக் கடந்தது என இமாம் அவர்கள் பதிவு செய்துள்ளார்கள். தாஊனுக்காக இவ்வாறு திரள்வதற்கு மார்க்க ஆதாரம் இல்லை என்பது அவர்களின் முடிவு. மகளைப் பறிகொடுத்த மனம் எந்த நம்பிக்கையையும் பற்றிக்கொள்ளத் துடிக்கும். அம்மனத்தோடும் ஆதாரத்தைக் கேட்டார்கள், எண்ணிக்கையைக் குறித்தார்கள்.

அவர்களின் கருத்துகள் அனைத்தும் இன்று ஏற்கத்தக்கன என்பதன்று. நோய் தொற்றும் என்பதை அவர்கள் ஏற்கவில்லை. கொள்ளைநோயின் கிருமி 1894இல்தான் கண்டறியப்பட்டது. நாம் அவர்களிடம் கற்பது மருத்துவமன்று, துயரிலும் உண்மையைக் கைவிடாத பண்பு.

துன்பம் தானாகவே எவரையும் உயர்த்திவிடுவதில்லை. அதே துன்பம் சிலரைக் கசப்பிலும் ஆழ்த்துகிறது. துன்பத்தின் நடுவே மனிதன் எதைச் செய்கிறான் என்பதில்தான் உயர்வு இருக்கிறது. தன் வீட்டு இழப்பின் வழியே பிறர் வீட்டு இழப்பைக் காண்பதும், அவர்களுக்குப் பயன்படும் ஒன்றைச் செய்வதும் அவ்வுயர்வின் அடையாளங்கள்.

அதற்குக் கண்ணீர் தடையன்று. மகனைப் பிரிந்த யஃகூப் (அலை) அவர்கள் கண்ணொளி மங்கும்வரை துயருற்றார்கள். ஆயினும் முறையீட்டை அல்லாஹ்விடமே வைத்தார்கள். ஹிஜ்ரி 10இல் குழந்தை இப்ராஹீம் உயிர் பிரிந்த வேளையில் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் கண்கள் கலங்கின. தாங்களுமா என வியந்த தோழருக்கு, அக்கண்ணீர் இரக்கம் என்று விளக்கினார்கள். இறைவன் வெறுக்கும் சொல்லை மட்டுமே தவிர்த்தார்கள்.

அந்தத் தந்தையின் இல்லத்திற்கு நாம் மீண்டும் சென்றோம். "அழலாம், நபியவர்களும் அழுதார்கள்" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. அவர் மகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அஸர் பாங்கு ஒலிக்கும்வரை நாம் கேட்டுக்கொண்டிருந்தோம்.