மடித்தால் புத்தகம்

தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் ‘தம்பிரான் வணக்கம்’. 1578இல் கொல்லத்தில் அச்சிட்டார்கள். மொத்தமே 16 பக்கம். நான்கு ஏ4 தாள்களை அடுக்கி நடுவில் மடித்தால் இன்றைக்கும் அதே 16 பக்கம் கிடைக்கும். குலதெய்வக் கோயிலின் கதை, பாட்டி பாடிய தாலாட்டுகள், பள்ளிப் பிள்ளைகள் எழுதிய கவிதைகள் என்று ஐம்பது படி இருந்தால் போதும் என்கிற எழுத்துகள் எவ்வளவோ இருக்கின்றன. அச்சகத்துக்குக் கொடுக்குமளவு பெரிதில்லை என்பதாலேயே அவை கம்ப்யூட்டரில் முடங்கிவிடுகின்றன. அவற்றைப் புத்தகமாக்க, நாம் கடிதம் அடிக்கிற மென்பொருளே போதும்.

இதில் புரிந்துகொள்ள வேண்டியது பக்க வரிசை ஒன்றுதான். இரண்டு வெற்றுத் தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து, புத்தகம் புரட்டுவதுபோல் புரட்டி, பென்சிலால் 1 முதல் 8 வரை எண் போடுங்கள். பிறகு பிரித்துப் பாருங்கள். வெளித்தாளின் ஒரு முகத்தில் 8, 1. மறுமுகத்தில் 2, 7. உள்தாளில் 6, 3. அதன் மறுமுகத்தில் 4, 5. எந்த ஜோடியைக் கூட்டினாலும் 9 வரும். 16 பக்கமானால் 17. அச்சகத்தில் ‘ஒரு ஃபாரம்’ என்று 16 பக்கங்களைக் கணக்குப் பண்ணுகிறார்களே, அங்கேயும் மடிப்புக்கு ஏற்றபடி பக்கங்களை இடம் மாற்றி வைப்பதுதான் வேலை. கை பழகிய தொழிலாளிகள் காலங்காலமாகச் செய்துவந்த அந்தக் கணக்கை இப்போது மென்பொருள் போட்டுக்கொடுக்கிறது.

லிப்ரே ஆஃபீஸ் ரைட்டரில் பிரிண்ட் கொடுக்கும்போது வரும் பெட்டியிலேயே ‘பிரோஷர்’ என்ற வசதி இருக்கிறது. எம்.எஸ். வேர்டில் பேஜ் செட்டப் போய், மார்ஜின் பகுதியில் ‘மல்டிபிள் பேஜஸ்’ என்பதற்கு எதிரே ‘புக் ஃபோல்ட்’ என்று தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டுக்கும் முக்கியமான வித்தியாசம் உண்டு. வேர்ட், பக்கத்தையே பாதித் தாள் அளவுக்கு மாற்றிவிடும்; எழுத்தின் அளவு அப்படியே இருக்க, வரிகள் புதிதாக ஒடியும், பக்கங்கள் கூடும். ரைட்டரோ நீங்கள் அமைத்த பக்கத்தைத் தொடாமல், அப்படியே சுருக்கி இரண்டிரண்டாக வைக்கும்.

தமிழுக்குச் சிக்கல் வருவது இந்தச் சுருக்கலில்தான். ஏ4 தாளைப் பாதியாக மடித்தால் ஏ5. நீள அகல விகிதம் மாறாது. அதனால் பக்கம் கச்சிதமாக 71 சதவீதத்துக்குச் சுருங்கும். 12 பாயின்டில் அடித்தது எட்டரை பாயின்டாகிவிடும். ஆங்கில எழுத்து அந்த அளவிலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். தமிழில் ‘ண’வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி ‘ன’ போலத் தெரியும். ஜெராக்ஸ் போட்டால் மெய்யெழுத்தின் புள்ளியே காணாமல் போகும். தாலாட்டைப் படிக்கப்போவது கண்ணாடி போட்ட அத்தைகளும் சித்தப்பாக்களும் என்றால் இது சின்ன விஷயமில்லை. ஆகவே, எழுதத் தொடங்கும்போதே பக்க அளவை ஏ5 என்று வைத்து, எழுத்தை 11 பாயின்டுக்குக் குறையாமல் அமைத்துவிடுங்கள். அப்படிச் செய்தால் ரைட்டர் எதையும் சுருக்காது. திரையில் பார்த்த அளவே தாளிலும் வரும்.

இருபுறமும் தானாக அடிக்கும் பிரிண்டரானால், தாளைக் குறுகிய விளிம்பில் புரட்டும்படி சொல்ல வேண்டும். நீள விளிம்பில் புரட்டினால் இரண்டாம் பக்கம் தலைகீழாக நிற்கும். ஒருபுறம் மட்டும் அடிக்கும் பிரிண்டரில், முன்முகங்களை முதலில் அடித்துவிட்டு, கட்டைத் திருப்பிவைத்துப் பின்முகங்களை அடிக்கலாம். எந்தப் பக்கமாகத் திருப்புவது என்பது பிரிண்டருக்குப் பிரிண்டர் மாறும். ஒரே ஒரு தாளை விட்டுப் பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

மொத்தப் பக்கம் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். 13 பக்கம் எழுதினால் கடைசி மூன்று வெறுமையாகக் கிடக்கும். அங்கே பாடியவர்களின் பெயர், ஊர், தொகுத்த ஆண்டு எல்லாம் போடலாம். நாளைக்கு இதைத் தேடி எடுப்பவருக்கு அதுதான் முதல் தேவை. படமோ வம்ச வரிசையோ அகலமாக வர வேண்டுமானால் நட்டநடுப் பக்கங்களில் வையுங்கள். எதிரெதிர்ப் பக்கங்கள் ஒரே தாளில் சேர்ந்து விரிவது அங்கே மட்டும்தான்.

பின் அடிக்க நீளக் கை ஸ்டேப்லர் தேவை. அட்டைப் பக்கமிருந்து மடிப்பின்மேல் இரண்டு பின். பத்துத் தாள் சேர்ந்தால் உள்தாள் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொள்ளும். ஓரத்தில் தாராளமாக இடம் விட்டிருந்தால் கட்டிங் போட்டு நேராக்கிவிடலாம். இருபது தாளைத் தாண்டினால் மடிப்பு பிதுங்கும். அப்போது நான்கு தாளுக்கு ஒரு கட்டு என்று பிரித்து அடித்து, பைண்டரிடம் நூல் தையலுக்குக் கொடுத்துவிடுங்கள்.